இரண்டு வருடம் ஒளித்துவைத்த வீக்கம்

மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கத்தில் வீடு வீடாகக் கேஸ் தோங் (சிலிண்டர்) போடுவது என் தொழில். 14 கிலோ தோங் என்றால் அது உள்ளே இருக்கும் கேஸின் கணக்கு மட்டும்தான். இரும்பையும் சேர்த்துத் தோளில் ஏற்றினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பினாங்கில் மின்தூக்கி இல்லாத நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது எல்லார் வீட்டிலும் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. நானும் ஒரு நாளைக்கு நாற்பது தோங்குக்குக் குறையாமல் ஏற்றி இறக்கினேன்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு சாயங்காலம் குளிக்கும்போது, வலது தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்கு மேலே கை பட்டது. பாதி கோழிமுட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல் மெத்தென்று ஒரு புடைப்பு. வலி இல்லை. அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. இருமினேன், திரும்ப வந்தது. படுத்தால் இல்லை, எழுந்து நின்றால் இருக்கிறது. அது குடலிறக்கம், வயிற்றுச் சுவரின் ஓட்டை வழியாகக் குடல் பிதுங்குவது, என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்தும் இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். கைலிக்குள் பெரிய வீக்கத்தோடு காலை அகட்டி அகட்டி நடப்பார். 'ஓதக்காரர்' என்று பெரியவர்கள் மறைவாகச் சொல்வார்கள். பிள்ளைகள் நாங்கள் அவர் பின்னாலேயே அதேபோல் நடந்து காட்டுவோம். ஒரு தடவை அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அப்படியே குழாயடியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். எட்டு வயதில் பார்த்த அந்த முகம் அன்றைக்குக் குளியலறையில் என் முன்னால் வந்து நின்றது. மலாய்க்காரர்கள் இதை 'பூருட்' என்பார்கள், பேச்சுவழக்கில் 'அங்கின் பாசாங்' என்பார்கள். எந்த மொழியில் சொன்னாலும் கேட்கிறவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன், கத்திக்கு அல்ல.

ஒளிப்பதற்கு என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் யாரோ ஒருவர் இப்போது அதையே செய்துகொண்டிருக்கலாம். இறுக்கமான கால்சட்டையை விட்டுத் தொளதொளப்பான டிராக் சூட்டுக்கு மாறினேன். தும்மல் வந்தால் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டு அந்த இடத்தை அழுத்திக்கொள்வேன். தோங்கை இடது தோளுக்கு மாற்றினேன். மருந்துக்கடையில் ஒரு குடலிறக்கப் பெல்ட் வாங்கி, வேனில் இருக்கைக்கு அடியில் வைத்து, காலையில் கட்டிச் சாயங்காலம் கழற்றினேன். வீட்டுக்காரியிடம் முதுகுவலி என்று சொன்னேன். நரம்பு தட்டுகிற ஒருவரிடமும் போனேன். அவர் எண்ணெய் போட்டு அந்த இடத்தை நன்றாக உருவிவிட்டார். அன்று ராத்திரி முழுக்க வலி. அப்படிச் செய்யவே கூடாது என்பதை டாக்டர் பின்னால் எனக்கு விளக்கியபோது உடம்பு நடுங்கியது. உள்ளே இருப்பது குடல். அதைக் கட்டியென்று நினைத்துப் பிசைந்திருக்கிறோம்.

2023 தொடக்கத்தில் முட்டை, சின்ன மாங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. காலையில் எழும்போது இருக்காது. நடுப்பகலுக்கு மேல் ஒரு பாரம், யாரோ உள்ளிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல். ராத்திரி படுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே தள்ளும்போது கொடகொடவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுமா சும்மா இருந்தாய் என்று இப்போது என் பையன் கேட்கிறான். இருந்தேன்.

அதை மாற்றியது என் அத்தை. பட்டர்வொர்த்தில் மச்சான் வீட்டில் இருப்பவர், அப்போது வயது 74, மெலிந்த உடம்பு. ஏப்ரலில் ஒரு நாள் வயிறு உப்பிவிட்டது, வாந்தி. காற்றுப் பிடித்துவிட்டது என்று கோடாலித் தைலம் தடவி, ஓம வாட்டர் கொடுத்து ஒரு நாள் போனது. மறுநாள் வாந்தி பச்சையாக வந்தது. காற்றுகூடப் பிரியவில்லை என்று அத்தை முனகியபோதுதான் மச்சான் பயந்துபோய் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே ஒரு பெண் டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். தொடை தொடங்கும் இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு, சிவந்து, தொட முடியாத வலியோடு. "எப்பலேர்ந்து இருக்கு பாட்டி?" என்று டாக்டர் கேட்டதற்கு அத்தை சொன்ன பதில் என் காதிலேயே நிற்கிறது. "அது கெடக்குது ஒரு வருஷமா. அந்த எடத்த யாருகிட்டம்மா காட்டுறது?"

அன்று ராத்திரியே அறுவைச் சிகிச்சை. சிக்கிக்கொண்ட குடல் துண்டு ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்துப்போயிருந்ததால் அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். அத்தை பதினெட்டு நாள் படுக்கையில் இருந்தார். பிழைத்தார், முருகன் புண்ணியம்.

இதில் நான் தெரிந்துகொண்டதை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும். குடலிறக்கம் ஆண்களின் வியாதி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். கவட்டையில் வரும் குடலிறக்கம் ஆண்களுக்கு அதிகம்தான், வாழ்நாளில் நாலு ஆண்களில் ஒருவருக்கு வரலாம் என்கிறார்கள். பெண்களுக்கு நூற்றில் மூன்று பேர் அளவில்தான். ஆனால் அத்தைக்கு வந்தது வேறு வகை. தொடைக்கு ரத்தக்குழாய் இறங்கும் குறுகலான வழியில் பிதுங்குவது. அது வயதான பெண்களுக்கு அதிகம் வருவது, வாசல் ஒடுக்கமாக இருப்பதால் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். அதனால்தான் பெண்களுக்குக் கவட்டையில் புடைப்பு தெரிந்தால் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று டாக்டர்கள் சொல்வதில்லை, சீக்கிரமே செய்துவிடச் சொல்கிறார்கள். நெல்லிக்காய் அளவுதானே என்று விடுவதற்கில்லை. பெரிய வாசலைவிடச் சின்ன வாசல்தான் இறுக்கும்.

அத்தையைப் பார்த்துவிட்டுப் பினாங்குப் பாலத்தில் திரும்பி வரும்போது வேனை நான்தான் ஓட்டினேன். வீட்டுக்காரி பக்கத்தில். பாலத்தின் நடு உயரம் வந்ததும் சொல்லிவிட்டேன். "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்கிட்டகூடச் சொல்லலியே, நான் யாருங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். எதற்கும் அழாதவள் அன்றைக்கு அழுதாள். மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் அரசாங்கக் கிளினிக்கில் எண் எடுத்து உட்கார்ந்திருந்தோம்.

கிளினிக்கில் பதிவுக்கு 1 ரிங்கிட். அங்கே பார்த்துவிட்டு நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள், மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். பணத்துக்குப் பயந்து மறைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். காத்திருப்பு நீளம்தான், ஆனால் வாசல் திறந்திருக்கிறது. தனியார் மருத்துவமனையிலும் விசாரித்தோம். பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிச் சொன்னார்கள். என்னிடம் மெடிக்கல் கார்டு இருந்தது, வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் நாட்டு மருத்துவக் காப்புறுதிகளில் குறிப்பிட்ட சில நோய்களுக்கு முதல் 120 நாள் காப்பு கிடையாது, அந்தப் பட்டியலில் குடலிறக்கமும் இருக்கிறது. தவிர, கார்டு எடுப்பதற்கு முன்னாலேயே இருந்த வியாதி என்றால் அது தனிக் கதை. ஏஜெண்டு ஒருவர், "முன்னாடியே இருந்துச்சுன்னு சொல்லாதீங்கண்ணே" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லி ஆரம்பித்தால் நாளைக்குப் பெரிய வியாதி வரும்போது அந்தக் கார்டு கைவிட்டுவிடும். அரசாங்க மருத்துவமனையே போதும் என்று முடிவு செய்தோம்.

அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒரு சீனர், ஐம்பது வயதிருக்கும். கூட ஒரு தமிழ்ப் பையன், பயிற்சி முடித்த இளம் டாக்டர். என்னை நிற்கவைத்துத்தான் பார்த்தார்கள். படுத்தால் ஒளிந்துகொள்ளும் என்பதால் நின்றால்தான் சரியாகத் தெரியுமாம். நிபுணர் விரலை அந்த இடத்தில் வைத்து, "பாக்சிக், பாத்தோக்" என்றார். இருமினேன். விரலில் வந்து தட்டியிருக்கும் போல, தலையை ஆட்டினார். அவ்வளவுதான் சோதனை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் நான் இரண்டு வருடம் பயந்திருக்கிறேன். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது இன்னொரு பல்வலி மாதிரி. உலகத்தில் ஒரு வருடத்துக்கு இரண்டு கோடிப் பேருக்கும் மேல் இந்தச் சிகிச்சை நடக்கிறது என்று அந்தத் தமிழ் டாக்டர் தம்பி சொன்னார்.

"தோங் தூக்கித் தூக்கித்தானே டாக்டர் இது வந்தது?" என்று கேட்டேன். அது மட்டும் காரணம் இல்லையாம். ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் அதன் வயிற்றுக்குள்ளிருந்து கீழே விதைப்பைக்கு இறங்கி வருகின்றன. இறங்கிய பாதை பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது முழுதாக மூடாமலே இருந்துவிடுகிறது, நாற்பது ஐம்பது வயதில் சதை தளரும்போது குடல் அந்தப் பழைய பாதையைக் கண்டுபிடித்துவிடுகிறது. சிலருக்குச் சுவர் தானே மெலிந்துபோகிறது. அப்பா, அண்ணனுக்கு இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்கு முக்குவது, இவையெல்லாம் உள்ளிருந்து தள்ளும் கைகள். நான் இருபத்தைந்து வருடம் சிகரெட் பிடித்தவன். காலையில் எழுந்ததும் இருமல் இல்லாத நாளே இல்லை. சிகரெட் இருமலைக் கொடுப்பதோடு சதையை இறுக்கிப் பிடிக்கும் நாரையும் கெடுக்கும், ஆறுவதையும் தாமதப்படுத்தும் என்றார்கள். அறுவைக்கு நாலு வாரம் முன்னாலேயாவது விட்டுவிடச் சொன்னார்கள். அன்றைக்கு விட்டது, இன்றுவரை தொடவில்லை.

எனக்குப் புரிகிற மாதிரி அந்தத் தம்பி சொன்ன ஒரு விளக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். "அங்கிள், அரிசி மூட்டைய பாத்திருப்பீங்க. ஒரு எடத்துல கிழிஞ்சா என்ன செய்வீங்க?" கோணி ஊசியால் இழுத்துத் தைப்போம் என்றேன். "தச்சிட்டுத் திரும்ப அரிசி கொட்டினா?" தையலுக்குப் பக்கத்திலேயே பிய்த்துக்கொள்ளும். எத்தனை மூட்டையில் பார்த்திருக்கிறேன். அதேதான் என்றார். பழைய முறையில் ஓட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். இத்தாலியில் பசீனி என்ற டாக்டர் 1880-களில் அதைச் சரியான முறையாக வகுத்தபோது அது பெரிய சாதனை. அதற்கு முன்னால் சிகிச்சை செய்தும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஆனாலும் இழுத்துத் தைத்த இடம் இழுவையிலேயே இருக்கும், வலிக்கும், சில பேருக்குத் திரும்பப் பிய்ந்துவிடும். 1980-களில் அமெரிக்காவில் லிக்டென்ஸ்டைன் என்ற டாக்டர், இழுக்காமலே ஓட்டையின் மேல் வலை ஒன்றைப் படுக்க வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். இன்று பெரும்பாலான இடங்களில் அதுதான், அல்லது அதன் வழி வந்ததுதான். வலையின் கண்களுக்குள் நம் சதையே வளர்ந்து பின்னிக்கொள்ளும், சில மாதத்தில் அது சுவரின் பாகமாகிவிடும்.

வலை எதனால் ஆனது என்று கேட்டேன். பாலிப்ரோப்பிலீன். ஒரு மாதிரியை என் கையில் கொடுத்தார். கொசுவலையைவிடக் கொஞ்சம் தடிப்பு, விறைப்பாக, உள்ளங்கை அகலம். இப்போது வெள்ளை நிறத்தில் வருகிற அரிசிச் சாக்கு இருக்கிறதே, அதுவும் அதே இனம்தான் என்றார். முப்பது வருடமாகத் தோளில் சுமை ஏற்றிய என்னை இனி சாக்கு இனத்து வலை ஒன்று வயிற்றுக்குள் இருந்து சுமக்கப் போகிறது என்று நினைத்தபோது, எப்படிச் சொல்வது, ஒரு தைரியம் வந்தது.

வெட்டித் திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா என்பது அடுத்த கேள்வி. நம் ஆட்கள் 'லேசர்' என்று தப்பாகச் சொல்வது இந்தத் துளை முறையைத்தான். மூன்று சின்னத் துளை, ஒன்றில் கேமரா, வலையை உள்பக்கமிருந்து வைப்பார்கள். முதல் வாரங்களில் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் இருந்தாலோ, ஏற்கெனவே திறந்து செய்து திரும்ப வந்திருந்தாலோ அது மிகவும் பொருத்தம். ஆனால் முழு மயக்கம் வேண்டும், அதில் நல்ல கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டும். திறந்து செய்வது முதுகில் ஊசி போட்டோ, சில இடங்களில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தோ முடியும். நுரையீரல், இதயம் பலவீனமானவர்களுக்கு அது வசதி. எனக்கு ஒரு பக்கம், முதல் தடவை, சிகரெட் நுரையீரல். திறந்தே செய்யலாம் என்றார் நிபுணர். என் அபிப்பிராயம் இதுதான்: எந்த முறை என்று நாம் சண்டை போடுவதைவிட, 'நீங்கள் எதை அதிகம் செய்திருக்கிறீர்கள் டாக்டர்?' என்று மரியாதையாகக் கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். செய்யாமலே விட்டால்? நேர்மையாகப் பதில் சொன்னார். பெரியவர்களுக்குக் குடலிறக்கம் தானாக மூடாது. பச்சைக் குழந்தைகளின் தொப்புளில் வருவதுதான் நாலைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானாக மூடும். ஆனால் எல்லாமே அவசரமும் இல்லை. வட அமெரிக்காவில் வலி அதிகம் இல்லாத 700-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். உடனே அறுவை செய்யாமல் டாக்டர் கண்காணிப்பில் பொறுத்திருந்தவர்களில், குடல் சிக்கி அவசரமாக ஓட வேண்டி வந்தவர்கள் மிக மிகக் குறைவு. இரண்டு வருடத்தில் நாலில் ஒருவர் தாமாகவே வந்து செய்துகொண்டார். அதே ஆட்களைப் பத்து வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோது மூன்றில் இரண்டு பேருக்கு மேல் செய்துகொண்டிருந்தார்கள், முக்கியமாக வலி கூடியதால். ஆக, பொறுத்திருக்கலாம். ஆனால் பொறுத்திருப்பது வேறு, ஒளித்துவைப்பது வேறு. பொறுத்திருக்கிறவருக்கு என்ன வகை என்று தெரியும், எப்போது ஓட வேண்டும் என்று தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். நானும் அத்தையும் செய்தது அது இல்லை.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்கிறேன். உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் திடீரென்று போக மறுத்து, கல் மாதிரி இறுகி, வலி விடாமல் இருந்தால். மேலே தோல் சிவந்தாலோ கறுத்தாலோ. வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் வெளியேறாமல் நிற்பது. இதில் ஏதாவது தெரிந்தால் அழுத்தித் தள்ளிப் பார்க்கக்கூடாது, தைலம் தடவக்கூடாது, ஒரு வாய் தண்ணீரும் கொடுக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் ஓடாத குடல் மணிக்கணக்கில்தான் தாங்கும். பெல்ட்டைப் பற்றியும் கேட்டேன். அது ஓட்டையை மூடாது. குடல் வெளியே இருக்கும்போது அதன் மேலேயே கட்டி இறுக்கினால் கெடுதலும் செய்யும்.

எனக்குத் தேதி கிடைக்க நாலு மாதம் ஆனது, செப்டம்பரில் கூப்பிட்டார்கள். அந்த நாலு மாதமும் தோங் தூக்குவதைக் குறைத்து ஒரு வங்காளதேசத் தம்பியைக் கூலிக்கு வைத்துக்கொண்டேன். முந்தின நாளே வார்டில் சேர்த்தார்கள், மூன்றாம் வகுப்பு, நாளுக்கு 3 ரிங்கிட். நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. காலையில் ஒரு தாதி வந்து வலது தொடையில் பேனாவால் பெரிய அம்புக்குறி போட்டார். பக்கம் மாறிவிடக்கூடாது என்பதற்காக. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தமிழ்த் தம்பி வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ரத்தக்கட்டு, சீழ், அந்த இடம் மரத்துப்போவது, விதைக்குப் போகும் ரத்தக்குழாய் பாதிப்பது அபூர்வமாக, திரும்ப வருவது நூற்றில் சில பேருக்கு, அப்புறம் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, பத்தில் ஒருவருக்கு. அந்தக் கடைசியைக் கவனமாகக் கேளுங்கள். வலி இல்லாத புடைப்போடு வந்து வலியோடு போகிறவர்களும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர்.

முதுகில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் வாழைத்தண்டு மாதிரி ஆகிவிட்டன. தொட்டால் தெரிகிறது, யாருடைய காலோ போல் இருக்கிறது. மார்புக்கு முன்னால் பச்சைத் துணி. இழுப்பது தள்ளுவது தெரிந்தது, வலி துளிகூட இல்லை. வானொலியில் மலாய்ப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான வெட்டு.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. முதலாவது, சிறுநீர். காலுக்கு உணர்வு வந்துவிட்டது, பை நிறைந்துவிட்டது, போக மட்டும் வரவில்லை. முதுகு ஊசிக்குப் பிறகு ஆண்களுக்கு, அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, இது சகஜமாம். குழாய் போட வேண்டிவருமோ என்று பயந்தேன். ஆண் தாதி ஒருவர் என்னைத் தாங்கி நிற்கவைத்து, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, வெளியே போய் நின்றார். நின்றபடி முயன்றதும் வந்தது. படுத்தபடியே போராடாமல் எழுந்து நிற்கக் கேளுங்கள்.

இரண்டாவது, நிறம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குளிக்கப் போனவன் அலறிவிட்டேன். விதைப்பை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அந்தத் தம்பி கொடுத்த எண்ணுக்கு வீட்டுக்காரி கூப்பிட்டாள். ரத்தம் கீழே இறங்கி நிற்பதால் வரும் கன்றல், ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும், இறுக்கமான உள்ளாடை போட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள், துணியில் சுற்றி ஐஸ் வையுங்கள் என்றார். அப்படியே ஆனது. ஆனால் காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம் என்றால் காத்திருக்காமல் வரச் சொன்னார். வெட்டுக்கு அடியில் கயிறு வைத்ததுபோல் ஒரு தடிப்பு ஒன்றரை மாதம் இருந்தது. திரும்ப வந்துவிட்டதோ என்று தினமும் தடவிப் பார்ப்பேன். அது ஆறும் தழும்புதான்.

மூன்றாவது, மலம். வலி மாத்திரைகளில் சில குடலைக் கட்டிப்போடும். நாலாம் நாள் நான் பட்ட பாடு போதும். முதல் நாளிலிருந்தே பப்பாளி, கீரை, நிறையத் தண்ணீர், டாக்டர் கொடுத்த இளக்கும் மருந்து என்று ஆரம்பித்துவிடுங்கள். முக்கவே கூடாது. இருமவோ தும்மவோ வந்தால் ஒரு தலையணையை வெட்டின் மேல் அணைத்து அழுத்திக்கொண்டு இருமுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். வீட்டுக்காரி பிரசவம் பார்த்தவள், இதையெல்லாம் அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

நடப்பதை யாரும் தடுக்கவில்லை, அன்று சாயங்காலமே நடக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால்தான் கெடுதல். வேனை இரண்டாம் வாரக் கடைசியில் எடுத்தேன். திடீரென்று பிரேக்கை ஓங்கி மிதித்தால் வலிக்கிறதா என்று நின்ற வண்டியில் மிதித்துப் பார்த்து, வலிக்கவில்லை என்ற பிறகுதான். பாரம் தூக்க ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார்கள். என் தொழிலுக்கு நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடையாது, கையிருப்பில்தான் ஓட்ட வேண்டும், அதை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டோம். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு நம் வேலைச் சட்டம் வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. 2023 ஜனவரியிலிருந்து அது சாதாரண நோய் விடுப்போடு சேர்த்துக் கழிக்கப்படுவதில்லை, தனி. வேலை போய்விடும் என்று பயந்து வீக்கத்தோடு தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்.

இன்றைக்கும் வெட்டுக்குக் கீழே ஐம்பது காசு அளவுக்கு மரத்த இடம் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் சுருக்கென்று இழுக்கும். மற்றபடி ஒன்றும் இல்லை. தோங்கை இப்போது படிக்கட்டில் ஏற்றும் மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்கிவிட்டேன்.

2024 தைப்பூசத்துக்கு வழக்கம்போல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் தண்ணீர்ப்பந்தல். சாம்பார் சாத அண்டாவை வருடா வருடம் நானும் இன்னொருவரும்தான் அடுப்பிலிருந்து இறக்குவோம். அந்த வருடம், "நாலு பேரா வாங்கப்பா, எனக்கு குடலிறக்கம் ஆப்பரேஷன் ஆயிருக்கு" என்று சத்தமாகவே சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. நாலு பேர் வந்தார்கள், அண்டா இறங்கியது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, தேங்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த முப்பது வயதுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மோரையே குடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் தரையைப் பார்த்தபடி, "அண்ணே, படுத்தா உள்ள போயிடுதுண்ணே, அதுவும் அதுதானா?" என்று கேட்டான். நான் அவனுடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கிளினிக் வாசலில் நான் நிற்கிறேன், நீ வந்தால் போதும் என்றேன். வந்தான்.